குளவிக்கு விட்டுக்கொடுத்த குழாய்

கண்ணாடிக் குச்சியை நிற்க வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும். நிற்க வைத்தால் ஒன்றன் மேல் ஒன்று சாய்ந்து, எடுக்கும்போது முனை சில்லாக உதிரும். அந்தச் சில்லு அன்றைக்கே காலில் ஏறும். குழாய்த் துண்டில் படுக்க வைத்து, வாய்ப்பக்கம் கொஞ்சம் தூக்கியிருக்கும்படி சுவரோடு அடுக்கிவிட்டால் வழுக்கியும் விழாது, வேண்டிய நிறத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் பெங்களூரில் ஆய்வுக்கூடங்களுக்குக் கண்ணாடிச் சாமான் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவள் நான். தெரிந்து என்ன செய்ய? தருமபுரிக்கு வந்து மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் சொந்தமாகப் பர்னர் வைத்து, குச்சியை உருக்கிக் கண்ணாடி மணி செய்ய ஆரம்பித்த பிறகு, பல வருஷம் என் குச்சிகள் பெயிண்ட் டப்பாக்களில் நின்றுகொண்டுதான் இருந்தன. ஊருக்கு உபதேசம் செய்கிற ஆள் நான்.

இன்றைக்கு அந்த அறைக்குள் யார் வந்தாலும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறார்கள். கிழக்குச் சுவரிலும் மேற்குச் சுவரிலும் தேன்கூடு மாதிரி குழாய் வாய்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறம். "எப்படிங்க இவ்வளவு சுத்தமா வெச்சிருக்கீங்க?" என்று கேட்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டு பேச்சை மாற்றுவேன். அதை வைத்தது நானில்லை, என் ஓரகத்தி. என் கொழுந்தனாரின் மனைவி. அவர்கள் ஓசூருக்குக் குடிபோய்விட்டார்கள். இப்போதும் ஊதாவைக் காணோமென்றால் போன் போடுகிறேன். "மேக்குச் செவுத்துல, ஜன்னலுக்குக் கீழ, கத்திரிப்பூ கலருக்குப் பக்கத்துலங்கக்கா" என்று அங்கிருந்தே சொல்கிறாள். எடுத்த இடத்தில் நான் திருப்பி வைத்திருக்கமாட்டேன் என்பதும் அவளுக்குத் தெரியும். "இல்லீன்னா உங்க மடியப் பாருங்க" என்பாள். மடியில்தான் இருக்கும்.

அவள் இல்லாத அந்த அறை எனக்குப் பிடிக்கவே இல்லை. வேலை இருக்கிறது, அதனால் போய் உட்காருகிறேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது யாரும் பார்த்து வைத்த கல்யாணத்தில் அல்ல. பாலக்கோடு கல்லூரிக்குப் போகிற பஸ்ஸில் என் கொழுந்தனார் பார்த்து, இவளும் பார்த்து, ஒரு நாள் மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றார்கள். என் மாமியார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. அடங்காதது அவளுடைய அம்மாவுக்குத்தான். மாரண்டஹள்ளி கடைவீதியில் வளையல் கடை வைத்திருப்பவர் அவர். கணவர் இல்லாமல் அந்தக் கடையை வைத்தே ஒரே பெண்ணை வளர்த்தவர். பெண் போன அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். இவள் போன் செய்தால் எடுப்பதில்லை. ஒருமுறை கடைக்கே போய் நின்றாள். யாரோ வாடிக்கைக்காரிக்கு வழிவிடுவது மாதிரி நகர்ந்துகொண்டு வேலையைப் பார்த்தாராம். அதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள், அதனால் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

வீட்டில் அவளுக்கு வேலையே மிஞ்சாது. அடுப்படி மாமியாருடையது. என் கணவருக்குப் பைப்பு, மோட்டார் கடை. கணக்கெல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். கையைக் கட்டிக்கொண்டு உட்காரத் தெரியாதவள் ஒரு நாள் மாடியேறி வந்து, என் பெயிண்ட் டப்பாக்களைப் பார்த்து இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"என்னங்கக்கா இது, செகப்புக்குள்ள பச்ச, பச்சைக்குள்ள மஞ்ச?"

"எனக்கு எது எங்க இருக்குதுன்னு தெரியும் புள்ள."

"உங்களுக்குத் தெரியும். குச்சிக்குத் தெரியணுமில்லீங்க?"

மறுநாளே என் கணவரின் கடையிலிருந்து போர்வெல் பைப்பு வெட்டிய துண்டுகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். அறுத்து, முனையைத் தேய்த்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டிச் சுவரில் ஏற்றினாள். நான் உதவி என்று எதுவும் செய்யவில்லை. குறை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். என்னிடம் இருந்தது இரண்டு சாதிக் கண்ணாடி. ஒன்று இத்தாலியிலிருந்து வருவது, இன்னொன்று ஃபிரோசாபாத்திலிருந்து வருவது. தனித்தனியாக வேலை செய்தால் இரண்டும் தங்கம். பர்னரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் உருகும், ஒட்டவும் செய்யும். ஆனால் ஆறும்போது ஒன்று அதிகமாகச் சுருங்கும், மற்றது குறைவாகச் சுருங்கும். வீம்பு பிடித்த இரண்டு பேரை ஒரே பாயில் படுக்கப் போட்டது மாதிரி இழுத்துக்கொண்டு கடைசியில் விரிசல் விட்டு விரிந்துவிடும். அதனால் கிழக்குச் சுவர் இத்தாலி, மேற்குச் சுவர் ஃபிரோசாபாத். இந்தப் பக்கத்துக் குச்சி அந்தப் பக்கம் போகக் கூடாது என்று சொல்லியிருந்தேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லி விளக்குகிற பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அவள் அடுக்கி முடித்த அன்று நான் சுவர் முன்னால் போய் நின்று பார்த்தேன். வெள்ளையில் ஆரம்பித்து, இளமஞ்சள், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறி, கறுப்பில் போய் முடிந்தது சுவர். "நல்லாத்தான் இருக்குது" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததே பெரிது என்று அவளுக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வருஷம்தான் அந்த அறையின் நல்ல காலம். நான் பர்னர் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டுவேன், கேட்கிற நிறத்தை அவள் வைப்பாள். தூசி படிந்த குச்சியை நெருப்பில் காட்டினால் மணிக்குள் அழுக்கும் குமிழியும் நிற்கும். அதனால் ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியால் துடைத்துத்தான் கொடுப்பாள். ஆடி மாதம் எங்கள் பக்கம் அம்மியும் பறக்கும், மண் எம்மாத்திரம்? குழாய் வாய்க்கெல்லாம் அவள் துணிக் குல்லாய் தைத்துப் போட்டாள். சுவரே தலைக்குக் குளித்துத் துண்டு கட்டிக்கொண்டது போல இருந்தது. பர்னர் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசுவோம். கீழே இருந்து மாமியார், "மேல என்ன சண்டையா?" என்று கேட்பார். சண்டையில்லை, சீரியல் கதை பேசிக்கொண்டிருப்போம்.

ஒரு வைகாசியில் மேற்குச் சுவரில் ஒரு குழாயின் குல்லாய் விலகியிருந்திருக்கிறது. குளவி ஒன்று ஈர மண் கொண்டுவந்து குழாய் வாயில் கூடு கட்ட ஆரம்பித்தது. நான் குச்சியால் இடித்துத் தள்ளப் போனேன். அவள் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாங்கக்கா! குளவி கூடு கட்னா வூட்ல குழந்தை வருமுங்க!"

"உனக்கா எனக்கா?" என்றேன். எனக்கு அப்போது மகன் பத்தாவது படித்துக்கொண்டிருந்தான். அவள் சிரிக்கவில்லை. கல்யாணமாகி மூன்றாவது வருஷம், அவளுக்கு எதுவும் தங்கவில்லை. மாமியாரிடம் சொன்னாள். அவர் முட்டிவலியோடு மாடியேறி வந்து கூட்டைப் பார்த்து, எதிரே நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார். அவ்வளவுதான், என் பட்டறையில் குளவிக்குக் கோயில் கட்டாத குறை. மறுநாள் பார்த்தேன், அந்தக் குழாயில் இருந்த குச்சிகளைக் கூடு கலையாமல் ஒவ்வொன்றாக உருவி எடுத்துவிட்டு, யாரும் தொடாமலிருக்கக் குழாயைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டியிருந்தாள். குச்சிகளை எங்கேயாவது பத்திரமாக வைத்திருப்பாள் என்று நான் கேட்கவில்லை. அவள் வைத்தால் அது பத்திரம்தான்.

குளவி கூட்டை மூடிவிட்டுப் போயிற்று. ஆவணியில் அவளுக்கு நாள் தள்ளிப்போனது. குளவியின் பெருமையை மாமியார் தெருவுக்கே சொல்லிவிட்டார்.

ஏழாம் மாதம் வளைகாப்பு என்று முடிவானதும், அவளுக்குச் சந்தோஷத்தோடு ஒரு கவலையும் சேர்ந்து வந்தது. அது என்னவென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். மாரண்டஹள்ளிச் சுற்று வட்டாரத்தில் பிள்ளைத்தாய்ச்சி யாராக இருந்தாலும் வளையல் ஏற்றுவது அவளுடைய அம்மாதான். சொந்த மகளுக்கு வருவாரா? அவளுக்கு வேறெதுவும் வேண்டாம். புடவை என்ன நிறம் என்று கேட்டால்கூட, "அம்மா வருவாங்களா அக்கா?" என்பதுதான் பதில்.

நானும் மாமியாரும் தட்டில் வெற்றிலை பாக்கு பூ வைத்து எடுத்துக்கொண்டு கடைக்கே போனோம். நான் அந்தக் கடையைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூன்று பக்கமும் கம்பிகளில் கோத்த வளையல்கள். வெள்ளையில் ஆரம்பித்து, இளமஞ்சள், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஏறிக் கறுப்பில் முடிந்தன. என் மாடியறைச் சுவர் அப்படியே அங்கே நின்றது. அவள் எங்கள் வீட்டில் கட்டியது எதை என்று அப்போதுதான் புரிந்தது.

அந்த அம்மா தட்டை இரண்டு கையாலும் வாங்கி, கண்ணில் ஒற்றி, கல்லாப் பக்கத்தில் வைத்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.

"அன்னைக்கி சந்தைங்க. கடைய வுட்டுட்டு எங்கீங்க வர்றது?"

"ஒரே பொண்ணுங்க" என்றார் மாமியார்.

"எனக்கும் ஒரே கடைங்க" என்றார் அவர். எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே ஏதாவது சொல்லியிருப்பேன். மாமியார் என் கையைக் கிள்ளி வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. எங்கள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். சாயங்காலம் மாடிக்கு வந்து, "அக்கா, அம்மா வரலைன்னா வேற கடை வளையலு எனக்கு வேண்டாங்க. நீங்க செஞ்சு போடுங்க" என்றாள்.

மணி செய்கிறவளுக்கு வளையல் லேசில்லை. குச்சியைச் சூடாக்கி, கூம்பு மேல் வளைத்து, இரண்டு முனையையும் தழும்பு தெரியாமல் ஒட்ட வேண்டும். பழகிப் பழகிச் சரியாக வந்தது. இத்தாலிப் பச்சையின் மேல் நிறமில்லாத தெளிந்த வெள்ளையைப் பூசி, உள்ளே பச்சை தண்ணீருக்குள் இருப்பது போலத் தெரியும்படி செய்தேன். மின்சூளையில் வைத்து மெதுவாக ஆறவிட்டேன். காலையில் அவளையும் அழைத்து வைத்துக்கொண்டு, பெருமையாகத்தான், சூளையைத் திறந்தேன்.

ஒரு வளையல்கூட முழுசாக இல்லை. கைபட்டதும் துண்டு துண்டாக வந்தது.

வளையல் கடைப் பெண்ணுக்கு, உடைந்தது என்ற வார்த்தை வாயில் வராது. "பெருகிடுச்சுங்கக்கா" என்று மெதுவாகச் சொன்னாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். வளைகாப்பு வளையல், அதுவும் தனக்கென்று செய்தது. அவள் மனம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாதா?

எனக்கோ பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வரும். பச்சை கிழக்குச் சுவர், வெள்ளையும் கிழக்குச் சுவர். எப்படி விரியும்? கொஞ்ச நாளாகவே வெள்ளை பூசிய மணிகள் ஒன்றிரண்டு விரிந்ததை நான் சட்டென்று ஆறவைக்கிற ஜன்னல் காற்றின் மேல் பழி போட்டு விட்டிருந்தேன். திரும்பி அவளைப் பார்த்தேன்.

"குளவி கட்ன குழாயில இருந்தது என்ன குச்சி?"

"வெள்ளைங்க."

"அதை எங்க வெச்ச?"

கிழக்குச் சுவரில் வெள்ளைக் குழாயைக் காட்டினாள். "அதும் வெள்ளதானுங்க. இதும் வெள்ளதானுங்க. ஒரே தண்ணி நெறம்."

வளையல் கடையில் பிறந்தவளுக்கு ஒரே நிறமென்றால் ஒரே இனம். வேறென்ன நினைப்பாள்? "அறிவிருக்குதா புள்ள உனக்கு!" என்று கத்தியவள், அடுத்த மூச்சிலேயே, "குளவி மேலயும் உன் மேலயும் தப்பில்ல, வயித்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ரெண்டு கண்ணாடிக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்றும் கத்தினேன். ஏன் சேராது என்பதை முதல் தடவையாக உட்கார்ந்து விளக்கினேன். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ரத்தம் திரும்பியது. துண்டுகளை மாமியார் கண்ணில் படாமல் அள்ளிப் பையில் போட்டோம்.

பிரிப்பது எப்படி? கண்ணால் பார்த்தால் இரண்டு வெள்ளைக்கும் ஒரு வித்தியாசமும் கிடையாது. அதற்கு ஒரு வழி உண்டு. இத்தாலி என்று நிச்சயமாகத் தெரிந்த துண்டு ஒன்றின் முனையையும், சந்தேகக் குச்சியின் முனையையும் நெருப்பில் சேர்த்து உருக்கி, இடுக்கியால் பிடித்து முடி கனத்துக்கு இழுக்க வேண்டும். ஆறியதும் இழை நேராக நின்றால் இரண்டும் ஒரே இனம். வில்லாக வளைந்தால் வேறு. நான் ஒவ்வொரு குச்சியாக இழுத்துக் கொடுத்தேன். அவள் இழையைக் கறுப்புத் துணியில் போட்டுக் குனிந்து பார்த்து, "நேரு" என்றோ "வளைவு" என்றோ சொன்னாள். வளைந்த குச்சியின் வாலில் சிவப்பு நகப்பாலிஷ் பொட்டு வைத்து மேற்குச் சுவருக்கு அனுப்பினாள். மஞ்சள் கயிறு கட்டிய குழாயைத் தொடவில்லை. பக்கத்தில் புதிதாக ஒரு குழாய் கட்டினாள். அந்தப் பொட்டு வைத்த குச்சிகள் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன. அவற்றை நான் தொடுவதில்லை. கஞ்சத்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புது வளையல்கள் முழுசாக வந்தன. சூளையைத் திறந்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தவள், நான் ஒன்றோடொன்றைத் தட்டிச் சத்தம் காட்டிய பிறகுதான் திறந்தாள்.

வளைகாப்பன்று நல்ல நேரம் முடியப் போகிறது என்று மாமியார் அவசரப்படுத்தினார். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னும் பாலக்கோடு பஸ் ஒன்னு இருக்குதுங்கத்தை" என்றாள். மாரண்டஹள்ளிக்காரர்கள் அதில்தான் வருவார்கள். அந்தப் பஸ்ஸும் வந்து போனது. நான்தான் முதலில் வளையல் ஏற்றினேன். பிறகு ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி ஏற்றினார்கள். அவள் எல்லோருக்கும் சிரித்தாள். பந்தி நடந்தது. சாப்பிடச் சொன்னால் "அப்பறம் சாப்புடறேங்க" என்றாள். வந்தவர்கள் தாம்பூலம் வாங்கிக்கொண்டு போனார்கள். வெயில் சாயத் தொடங்கியது.

"வளையலுங்க... வளையல்..."

வாசலில் குரல். தோளில் பெரிய பை, அதிலிருந்து வளையல் சரம் தொங்க, அந்த அம்மா நின்றிருந்தார். மாமியார் "சம்பந்தி" என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை கிள்ளியது நான்.

"உள்ள வாங்க" என்றேன்.

"இல்லீங்க, யாவாரத்துக்கு வந்தவ. படியிலயே குந்திக்கிறேன்."

அவள் உள்ளேயிருந்து மெதுவாக வந்து எதிரில் உட்கார்ந்தாள். அந்த அம்மா அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. "கையக் குடுங்க" என்றார். அவள் கொடுத்தாள். நான் செய்த வளையல் மேல் நகத்தால் சுண்டிக் காதைச் சாய்த்தார்.

"இது எங்க வாங்குனதுங்க?"

"மாடியில செஞ்சதுங்க. நாங்க ரெண்டு பேருந்தான்" என்றேன்.

"நல்லா ஆற வுட்டிருக்கீங்க."

அதைக் கழற்றவில்லை. விரல் மூட்டுகளை அமுக்கி, கையை மொக்கு மாதிரி குவித்து, அதற்கு முன்னும் பின்னுமாகத் தன் வளையல்களை ஏற்றினார். ஒரு கை முடிந்து மறு கை. "வலிக்குதுங்களா?" என்று கேட்டார். "இல்லீங்க" என்றாள் மகள். அவர்கள் வீட்டுப் பேச்சு தெலுங்கு. தமிழ், கடைக்கு வருகிறவர்களோடு பேசுவதற்கு. பெற்ற பெண்ணிடம் அந்த அம்மா கடைத் தமிழில் பேசிக்கொண்டிருந்தார்.

கடைசி வளையலும் ஏறியது. கையை விட்டிருக்க வேண்டும், விடவில்லை. மாமியார் தட்டில் ரவிக்கைத் துணியும் தாம்பூலமும் கொண்டுவந்து நீட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மா அதைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்த தலையோடு, பிடித்த கையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அன்னம் திண்டிவா?"

சாப்பிட்டாயா என்று, தெலுங்கில். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். வளையல் குலுங்க அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள்.

நான் உள்ளே போய் இரண்டு இலை போட்டேன்.